மாத்து விதை

ஒரே மழைதான் இரண்டு கொல்லையிலும் பெய்தது. ஒரே நாளில்தான் இரண்டிலும் உளுந்து விதைத்தார்கள். மைக்கேல்ராஜ் கொல்லையில் உளுந்து முளைத்து, இலை விரித்துத் தரையை மூடிக்கொண்டு வந்தது. வரப்புக்கு இந்தப் பக்கம் கொளஞ்சியம்மாளின் குத்தகைக் கொல்லை மொட்டையாகக் கிடந்தது. மேற்கே கல்வராயன் மலைமேல் தினமும் மேகம் கூடியது. கரியாலூர்ப் பக்கமே கொட்டித் தீர்த்துவிட்டு, எங்களுக்கு வெறும் காற்றை அனுப்பி வைத்தது.

எங்கள் ஊர் சவேரியார் கொட்டாய், சங்கராபுரத்துக்கு மேற்கே. பாதி வீடு கிறிஸ்துவ வேதக்காரர்கள், பாதி வீடு இந்துக்கள். மற்ற நாளில் எப்படியோ, மாதா பிறந்த நாளன்று இரண்டு பாதியும் கோயில் வாசலில் ஒன்றாக நிற்கும். அன்றைக்குத்தான் மாத்து விதை. ஒவ்வொரு வீடும் தான் சேர்த்துவைத்த உளுந்து விதையை மூட்டையாகக் கொண்டுவந்து வாசலில் வைக்க வேண்டும். சாமியார் தீர்த்தம் தெளிப்பார். பிறகு சாமியாருக்குத் துணையாக இருக்கிற உபதேசியார் கண்ணை மூடிக்கொண்டு இரண்டிரண்டு வீடாகப் பேர் சொல்வார். அந்த இரண்டு வீடும் மூட்டையை மாற்றிக்கொள்ளும். எங்கள் ஊரில் எவனும் தன் விதையைத் தான் விதைப்பதில்லை. ஏன் இப்படி என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள், எல்லாம் பொய். ஆனால் ஒன்று மட்டும் உண்மை. அடுத்தவன் கொல்லைக்குப் போகிற விதை என்பதால் எல்லோரும் பொறுக்கி எடுத்துத்தான் கொடுப்போம். சோத்துக்கு வைத்த உளுந்தில் வண்டு இருக்கலாம், மாத்து விதையில் இருக்கக் கூடாது. ஒரு வருஷம் தங்கமணி வீட்டு மூட்டையிலிருந்து நாலு வண்டு ஊர்ந்து வந்துவிட்டது. அந்தக் குடும்பத்துக்கு இன்றுவரைக்கும் வண்டு வீடு என்றுதான் பேர். அவர் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தவனிடமே வழி கேட்ட இடத்தில் அப்படித்தான் கைகாட்டினார்கள்.

அதனால்தான் ஆவணி முதல் வாரத்தில் விதைக் குதிரின் மூடியைத் திறந்து பார்த்தபோது அமலோற்பவத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மைக்கேல்ராஜின் மனைவி அவள். விதை விஷயத்தில் ஊரிலேயே கறாரானவள். செம்மண்ணைக் கரைத்து உளுந்துக்குப் பூசிக் காயவைத்துத்தான் குதிரில் கொட்டியிருந்தாள். மண் கட்டிய விதையில் வண்டு அண்டாது என்பார்கள். அந்த வருஷம் அண்டிவிட்டது. அங்கொன்றும் இங்கொன்றுமாக ஓட்டை விழுந்த உளுந்து. ஓட்டையை முறத்தில் புடைத்துத் தள்ளிவிடலாம், உள்ளே முட்டையாக இருப்பதை எதைக்கொண்டு புடைப்பது? கோயில் வாசலில் வெயில் பட்டதும் ஊர்ந்து வந்து மானத்தை வாங்குமே என்று அவள் பயந்தாள்.

அவள் மகன் ஆல்பர்ட் இன்ஜினியரிங் படித்துவிட்டு ஒரு கல்லூரி ஆராய்ச்சிக் குழுவில் வேலையாயிருந்தான். கள்ளக்குறிச்சி போகிற ரோட்டில் வேர்க்கடலை மூட்டை அடுக்கிவந்த ஒரு பழைய மல்லாட்டைக் கிடங்கை வாடகைக்கு எடுத்து, அதில் ஒரு மெஷினை நிறுத்தியிருந்தார்கள். ரேடியோ அலையால் தானியத்தைச் சூடாக்கி வண்டைக் கொல்கிற மெஷின். மருந்து இல்லை, புகை இல்லை, நெருப்பு இல்லை. ஊரில் அதற்குப் பாடாத ரேடியோ என்று பேர் வைத்திருந்தோம். அம்மா சொன்னதைக் கேட்டு ஆல்பர்ட் ஞாயிற்றுக்கிழமை மூட்டையைத் தன் வண்டியிலேயே வைத்துக் கொண்டுபோனான். அமலோற்பவமும் பின்னால் உட்கார்ந்து போனாள்.

மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு, நடுவில் ஒரு பட்டை ஓடியது. பிளாஸ்டிக் தட்டுகளில் உளுந்தைப் பரப்பி உள்ளே விட்டான். சூடு எவ்வளவு என்று பார்க்கக் கண்ணாடியில் செய்த நூல் ஒன்றை உளுந்துக்குள் சொருகி வைத்தான், கம்பி வைத்தால் பொறி பறக்குமாம். தேனடைக்குப் பக்கத்தில் நிற்பதுபோல ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான். அவளுக்கு இதெல்லாம் விளையாட்டாகத் தெரிந்தது. இத்தனை இரும்புக்கு உளுந்து எது, வண்டு எது என்று தெரியுமா என்று கேட்டாள்.

“வண்டு ஒடம்புல தண்ணி ஜாஸ்திம்மா. காஞ்ச உளுந்துல கம்மி. இந்த அலை தண்ணி எங்க கீதோ அங்கதான் சூட்ட ஏத்தும். உளுந்துக்குச் சூடு தெரியறதுக்குள்ள வண்டு செத்துப்போவும்.”

விதை முளைக்குமா என்றும் கேட்டாள். நன்றாகக் காய்ந்த விதையைப் போன மாதம் இதில் விட்டு முளைக்கவைத்துப் பார்த்தோம், ஒன்றுகூடத் தவறவில்லை என்றான். அவன் சொன்னது உண்மைதான். ஒவ்வொரு மூட்டையிலும் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அளந்துவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும் என்பது அவர்கள் குழுவின் விதி. அளக்கிற கருவி அன்று கல்லூரியில் இருந்தது. அம்மா வைத்திருந்த விதை, கையில் அள்ளினால் சலசலவென்று கொட்டுகிறது, இதில் அளக்க என்ன இருக்கிறது என்று அவன் நினைத்துவிட்டான். குழுவுக்குத் தலைவரான ஐயாவிடமும் அவன் சொல்லவில்லை. அம்மாவுக்காகச் செய்கிற காரியத்துக்கு எவன் போய் அனுமதி கேட்பான்?

அமலோற்பவமும் ஒன்றைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்து மறைத்ததில்லை. சொல்ல வேண்டிய சங்கதி என்றே அவளுக்குத் தோன்றவில்லை. மாத்து விதைக்கு மண் கட்டிய உளுந்தை அப்படியே கொண்டுபோக மாட்டார்கள். கழுவி, பளபளவென்று ஆக்கி, வெயிலில் காயவைத்துத்தான் கொண்டுபோவார்கள். அதைத்தான் அவளும் செய்திருந்தாள். வெயில் அந்த வாரம் அரைகுறையாகத்தான் அடித்தது.

மெஷினிலிருந்து வந்த உளுந்து காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரிச் சுட்டது. ஆறியதும் பார்த்தால் ஒரு வண்டு இல்லை, கறுப்பு மணியாக மின்னியது. திருநாளன்று அதில் கொஞ்சம் எடுத்து ஊறவைத்து வடை சுட்டாள். அந்த வடையை நானும் தின்றேன், பஞ்சாக இருந்தது.

உபதேசியார் அந்த வருஷம் மைக்கேல்ராஜ் பேரையும் கொளஞ்சியம்மாள் பேரையும் ஜோடியாகச் சொன்னார். பக்கத்துப் பக்கத்துக் கொல்லை, பழகிய வீடு. கொளஞ்சியம்மாள் மூட்டைக்குள் கையை விட்டு அள்ளிப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு விதையைத் தான் கண்ணால் கண்டதில்லை என்று எல்லோரிடமும் காட்டினாள். அவள் கொடுத்த உளுந்து சின்னதும் பெரியதுமாக, கொஞ்சம் நரைத்த மாதிரி இருந்தது. அதற்கு அவளே கூச்சப்பட்டாள்.

கொளஞ்சியம்மாள் புருஷனை இழந்தவள். ஒரே மகன் சுபாஷ், கரும்பு லாரி ஓட்டுகிறவன். மருமகள் தேவிப்ரியா திருநாவலூர்ப் பெண். வந்து மூன்று வருஷத்தில் இரண்டு தடவை வயிற்றில் தங்கிக் கலைந்துவிட்டது. கொளஞ்சியம்மாளைக் கொடுமைக்காரி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மருமகளைக் கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தவள் அவள்தான். இந்த வருஷம் நல்ல விதை வந்திருக்கிறது, தேவிப்ரியா கையாலேயே விதைக்கட்டும், கொல்லை முளைத்தால் அவளுக்கும் எல்லாம் கூடி வரும் என்று சொன்னதும் ஆசையாகத்தான். விதைப்பன்று தேவிப்ரியா தலைகுளித்து, மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு, மடியில் உளுந்தை வாரிக்கொண்டு கொல்லை முழுக்க அவளே இறைத்தாள். சுபாஷ் பின்னாலேயே டிராக்டரில் உழுது மூடினான். வரப்பில் நின்று பார்த்த எங்களுக்கே மனசுக்கு நிறைவாக இருந்தது.

அப்புறம்தான் இந்த மொட்டைக் கொல்லை.

முதலில் எறும்பு என்றார்கள். பிறகு கௌதாரி கொத்திவிட்டது என்றார்கள். கௌதாரிக்கு வரப்பு தெரியுமா, மைக்கேல்ராஜ் கொல்லையை ஏன் விட்டது என்று ஒருவன் கேட்டதும் அந்தப் பேச்சு நின்றது. சுபாஷ் மண்ணைக் கிளறிப் பார்த்தான். உளுந்து அங்கேயேதான் இருந்தது. ஊதிப்போய், தொட்டால் நசுங்கி, புளித்த மாவு வாடை அடித்தது. விவசாய டெப்போவில் விதை கிடைத்தது. ஆனால் மறுபடி விதைக்க மண்ணில் ஈரம் இல்லை, மலைமேல் பெய்த மழை கீழே இறங்கவும் இல்லை. விதைக்கிற பட்டம் போய்விட்டது.

விதையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அத்தனை அழகான விதையை யார் குறை சொல்வார்கள்? குழாயடியில் மெல்ல ஒரு சொல் கிளம்பியது. கைராசி. வயிற்றில் தங்காத கை மண்ணிலும் தங்கவில்லை என்று யாரோ சொன்னார்கள். யார் முதலில் சொன்னது என்று கேட்டால் ஊரே கையை விரிக்கும். அதைச் சொன்ன வாய்க்கு ஒரு பிடி மண் கிடைக்காமல் போனதே என்றுதான் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது.

அந்தச் சொல் அமலோற்பவம் காதுக்கும் வந்தது. வடைக்கு எடுத்ததில் மிச்சம் ஒரு கைப்பிடி டப்பாவில் இருந்தது. அதில் பாதியை ஒரு ஈரத்துணியில் முடிந்துவைத்தாள். கொளஞ்சியம்மாள் கொடுத்த விதையில் மீந்ததில் கொஞ்சத்தை இன்னொரு துணியில் முடிந்தாள். இரண்டுக்கும் ஒரே மாதிரி தண்ணீர் தெளித்தாள். பிரித்துப் பார்த்தபோது கொளஞ்சியம்மாளின் நரைத்த உளுந்து வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருந்தது. அவளுடையது ஊறிக் கிடந்தது, ஒன்றுகூட அசையவில்லை.

ஆல்பர்ட் வீட்டுக்கு வந்ததும் இரண்டு துணியையும் அவன் முன்னால் விரித்தாள். அவன் சாப்பிட உட்கார்ந்தவன். முளைக்காத உளுந்தில் ஒன்றை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தான்.

“ம்மா, இத்த கழுவுனியா?”

“செம்மண்ணு போவ வாணாமா? கழுவாம எப்பிடி கோயிலுக்கு எடுத்தும் போறது?”

“எப்ப?”

“நீ வண்டியில ஏத்துறதுக்கு மின்னாடி. வெயில்ல போட்டுத்தான் எடுத்தேன். கையில அள்ளுனா சலசலன்னு இருந்துச்சே.”

“மேலதான்மா காஞ்சிருக்கும். உள்ள தண்ணி இருந்துக்கினே இருந்திருக்கு. வண்டுக்கு வெச்ச சூடு மொளையவும் புடிச்சிக்கிச்சி. உளுந்து வெறும் தீனியா ஆயிடுச்சி, வெதையா இல்ல.”

நீ கேட்கவில்லையே என்று அவள் சொன்னாள். நான் கேட்டிருக்க வேண்டும், அளந்திருக்க வேண்டும் என்று அவனே ஒத்துக்கொண்டான். தட்டில் இருந்த சோறு காய்ந்தது. பிறகு அவன் கெஞ்ச ஆரம்பித்தான். அடுத்த மாதம் விவசாயிகளைக் கூட்டி மெஷினைக் காட்டப் போகிறார்கள். விதையைச் சாகடிக்கிற மெஷின் என்று ஒரு பேச்சு கிளம்பினால் எவனும் கிட்ட வர மாட்டான். சொல்லாமல் கொள்ளாமல் மெஷினைப் போட்டான் என்று தெரிந்தால் அவன் வேலையும் போகும். மெஷின் மேல் தப்பு இல்லை, நம் மேல்தான் தப்பு, அதை ஊருக்கு யார் போய்ப் புரியவைப்பது என்று கேட்டான்.

மைக்கேல்ராஜ் வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மெதுவாகப் பேசுகிற மனுஷர், யார் சொத்துக்கும் ஆசைப்படாதவர். அவர்தான் அன்றைக்கு முடிவு சொன்னார்.

“ந்தா, இத்தோட வுடு. அவங்க மழ மேல பழிய போட்டுக்கினு போவட்டும். மழைக்கு இன்னா, வாயா கீது?”

மழைக்கு வாயில்லை என்பது சரிதான். தேவிப்ரியாவுக்கும் இல்லை என்பதை அவர் யோசிக்கவில்லை.

கொஞ்ச நாள் உங்கம்மா வீட்டில் இருந்துவிட்டு வா என்று கொளஞ்சியம்மாள் மருமகளிடம் சொன்னாள். கொஞ்ச நாள் என்றால் எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். சுபாஷ் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அவனே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தான். வந்தவன் தள்ளி நின்று போனை நோண்டிக்கொண்டிருந்தான். அமலோற்பவம் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு அந்த வழியாக வந்தாள். தலைச்சுமையோடு அப்படியே போய்விடத்தான் பார்த்தாள். தேவிப்ரியா கிட்டே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்க வெத எவ்ளோ அழகா இருந்துச்சி அத்த. என் கைக்கு வந்து இப்பிடிப் பாழாப் போச்சி. மனசுல ஒன்னியும் வெச்சிக்காதீங்க.”

அமலோற்பவம் வாயைத் திறந்தாள். உள்ளே மகன் முகம் வந்து நின்றது. பஸ்ஸும் வந்தது. தலையில் புல்கட்டு இருந்ததால் அவளால் அந்தப் பெண்ணின் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அதற்கப்புறம் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அமலோற்பவம் பூசைக்கு வந்தாள், சாமியார் கையிலிருந்து நன்மை அப்பம் வாங்கப் போகவில்லை. கடைசி பெஞ்சில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மனசில் பாவம் இருப்பவர்கள்தான் நன்மை வாங்க மாட்டார்கள், வேதக்காரர்கள் ஊரில் இதைவிடப் பெரிய செய்தி கிடையாது. புருஷன் பெண்டாட்டிக்குள் என்ன சண்டையோ என்று பேசிக்கொண்டோம். வீட்டில் அவள் சரியாகச் சாப்பிடவும் இல்லை. மைக்கேல்ராஜ் உளுந்துக்குக் களைவெட்ட ஆள் விட்டார். அவள் அந்தக் கொல்லைப் பக்கமே போகவில்லை. கொளஞ்சியம்மாள் விதையில் முளைத்த பயிரை எந்தக் கையால் தொடுவது என்று ஒருநாள் அவரிடமே கேட்டுவிட்டாள்.

ஒருநாள் காலையில் ஆல்பர்ட்டுக்குப் போன் போட்டு, நான் சொல்லப் போகிறேன்டா என்றாள். சொல்லும்மா என்றான் அவன், நானும் ஐயாவிடம் சொல்லிவிடுகிறேன் என்றான். சொன்னான். அவர்கள் திட்டவில்லை, கிடங்குச் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். விதைத் தானியத்தை அந்த மெஷினில் விடவே கூடாது என்று கதவில் எழுதி ஒட்டினார்கள். அவன் சென்னைக்குப் போய் வேறு வேலை தேடிக்கொண்டிருக்கிறான்.

அமலோற்பவம் மீதி விதையையும் முன்போலவே இரண்டு ஈரத்துணியில் முடிந்துவைத்து, முளை வந்ததும் எடுத்துக்கொண்டு கொளஞ்சியம்மாள் வீட்டுக்குப் போனாள். அவள் அடுப்பில் மரவள்ளிக் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தாள். கழுவியது, காயவைத்தது, மெஷின், மகன் என்று எதையும் விடாமல் அமலோற்பவம் சொன்னாள். தேவிப்ரியா பஸ் ஏறுகிறபோதே தனக்குத் தெரியும் என்பதையும் சொன்னாள். கொளஞ்சியம்மாள் முளைவிட்ட உளுந்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள். முளைக்காததையும் எடுத்துப் பார்த்தாள். சண்டை வரும், நாலு பேர் கூடுவார்கள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்றெல்லாம் நினைத்துக்கொண்டுதான் இவள் போயிருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கிழங்கு அடிப்பிடிக்கிற வாடை வந்தது.

“உன்ன நான் இன்னா சொல்றது,” என்றாள் கொளஞ்சியம்மாள். “வெத மேல தப்பு இருக்கும்னு எனக்கு ஒரு நாளும் தோணல பாரு. அவ கை மேலதான் தோணுச்சி. ஒரு பொண்ணு கைய வுட ஒரு மூட்ட உளுந்த பெருசா நம்பிட்டேன்.”

பிறகு அழுதாள். இருவரும்தான் அழுதார்கள். தன் முகத்தை மருமகள் பார்க்க மாட்டாள், நீயே போய்ச் சொல்லி அழைத்துக்கொண்டு வந்துவிடு என்று அமலோற்பவத்தின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். சுபாஷ் லாரிக்குப் போகவில்லை. சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டில் வண்டியோடு காத்திருக்கிறேன், மாலையில் இரண்டு பேரையும் அழைத்து வருகிறேன் என்றான்.

கள்ளக்குறிச்சியில் ஒரு பஸ், உளுந்தூர்ப்பேட்டையில் ஒரு பஸ் மாறித் திருநாவலூர் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். தேவிப்ரியா பக்கத்து நிலத்தில் களையெடுத்துவிட்டு, காலில் சேற்றோடு வந்தாள். இளைத்திருந்தாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். அமலோற்பவம் கொளஞ்சியம்மாளிடம் சொன்ன மாதிரியே எல்லாவற்றையும் சொன்னாள். துணியை அவிழ்த்துக் காட்டினாள். தேவிப்ரியா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அன்னிக்கி பஸ்சு ஏறும்போது உங்களுக்குத் தெரியுமா அத்த?”

“தெரியும்மா. எம் புள்ளைக்காக வாய மூடிக்கினேன். என்ன மன்னிச்சிடு.”

தேவிப்ரியா தலையசைத்தாள். அது மன்னிப்பா, வெறும் தலையசைப்பா என்று இவளுக்குத் தெரியவில்லை. தன் கையால்தான் போயிற்று என்று தானே நம்பிவிட்டதாக அந்தப் பெண் சொன்னாள். வயிற்றில் தங்காமல் போன இரண்டும்கூடத் தன் உடம்பில் இருக்கிற ஏதோ ஒரு கேட்டினால்தான் என்று நம்பியதாகவும், இங்கே வந்தபிறகு அம்மா வீட்டு முருங்கைச் செடியைத் தொடக்கூடப் பயந்து நின்றதாகவும் சொன்னாள். சொல்லும்போது அவள் அழவில்லை.

எல்லோருக்கும் உண்மை தெரிந்துவிட்டது, கொளஞ்சியம்மாள் அழுதுகொண்டிருக்கிறாள், சுபாஷ் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறான், பையை எடுத்துக்கொண்டு கிளம்பு என்று அமலோற்பவம் கெஞ்சினாள்.

“உளுந்து மேல தப்புன்னு தெரிஞ்சிடுச்சி, கூப்புடுறாங்க,” என்றாள் தேவிப்ரியா. “தப்பு உளுந்து மேல இல்லாம இருந்திருந்தா அத்த? சும்மா ஏதோ மொளைக்கலன்னு இருந்திருந்தா? அடுத்த வருசம் பூச்சி வுழுந்தா? எனக்குச் சாட்சி சொல்ல ஒவ்வொரு தடவயும் ஒரு மெஷினு வருமா?”

சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று சோறு போட்டாள். கீரைக் குழம்பும் அப்பளமும். பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட நடந்து வந்து, உட்கார இடம் பிடித்துக் கொடுத்து, ஜன்னலுக்கு வெளியே நின்றாள்.

சங்கராபுரத்தில் இறங்கும்போது வெயில் தாழ்ந்திருந்தது. சுபாஷ் வண்டியைக் கழுவிக் கொண்டுவந்திருந்தான், புதுச் சட்டை போட்டிருந்தான். அமலோற்பவம் இறங்கியதைப் பார்த்தான். இவள் பின்னால் இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். பஸ் காலியாகி, டிரைவரும் இறங்கி டீக்கடைக்குப் போனபிறகுதான் அவளிடம் வந்தான்.

“உளுந்தாலதான்னு சொன்னீங்களாத்த?”

“சொன்னேம்பா.”

“நம்பலையா?”

“நம்பிட்டா,” என்றாள் அமலோற்பவம். “அதனாலதாம்பா வரல.”